திருப்பிச் செதுக்க மறந்த பெயர்

டண்டீயில் நவம்பர்
நாலு மணிக்கே கடையைச் சாத்திவிடுகிறது.
அறையில் ஹீட்டர் போட்டால் மீட்டர் ஓடும்.
ஆகவே ஹில்டவுன் ஏற்றத்தில் சலவைக்கடை:
எட்டு எந்திரம், ஒன்று பழுது,
இருபது பென்ஸுக்கு நாலு நிமிஷம் சுற்றும் உலர்த்திகள்.

இலஸ்ட்ரேஷனில் முதுகலை. ஒரே வருஷம்.
வங்கியில் இருபத்தெட்டு நாள் அசையாமல் கிடந்த பணத்தைச்
சாட்சி வைத்து வந்தவள் நான்.
முதல் விமர்சன வகுப்பில்
இஷ்பெல் கெடஸ் பத்துப் படங்களையும் பார்த்துவிட்டு
"அழகாக இருக்கிறது" என்றாள்.
யீ-சென் காதோரம் சொன்னாள்:
இங்கே அது திட்டு.
"இதில் யாரும் எதற்கும் காத்திருக்கவில்லையே"
என்றும் சொல்லிவிட்டு
அடுத்த மேசைக்குப் போய்விட்டாள் இஷ்பெல்.

காத்திருக்கிறவர்களை வரைந்தேன்.
கண்ணாடி வட்டத்துள் தன் காலுறைகள் சுழல்வதைப்
பந்தயம் மாதிரிப் பார்க்கும் பேருந்து ஓட்டுநர்.
மூக்கு வளையம் போட்ட பையன்; அவன் நாய்,
அசைந்துகொண்டே இருந்ததால் ஐந்து காலுடன்.
கூலிக்குத் துணி மடிக்கும் செங்காவை மட்டும்
பிடிக்க முடியவில்லை.
போர்வை உறையின் இரு மூலை, ஒரு உதறு,
பென்சில் இறங்குவதற்குள் சதுரம்.
எட்டிப் பார்த்தாள்.
"இந்த மூக்கு என்னுடையதில்லை. உன்னுடையது."
உண்மைதான்.
அந்த வருஷம் நான் வரைந்த எல்லோருக்கும்
என் மூக்கு.

செங்கா என்றதும் எனக்குச்
செங்கல், செங்காந்தள் என்று சிவப்பாய்க் கேட்டது.
அவளுக்கோ அது வெறும் ஆக்னஸ், பின்னாலிருந்து எழுதியது.
அம்மா பெயரையே வைக்க அப்பாவுக்கு ஆசை.
அம்மாவுக்குத் தன் பெயர் ஆகாது.
திருப்பிப் போட்டுவிட்டார்கள்,
சாயம் போகுமென்று சட்டையைத் திருப்பிப் போடுவது மாதிரி.
ரசீதின் பின்புறம் என் பெயரை எழுதிக் காட்டினேன்: சேதனா.
"அதைத் திருப்பு."
கண்ணாடியில் காட்டினேன்.
கால் முன்னால் வந்தது, கொம்பு பின்னால் போனது.
பின்னோக்கி நடக்கிற மாடு என்று சொல்ல
ஆங்கிலம் தேடுவதற்குள்
ஏழாம் எந்திரம் கூவியது.

பிப்ரவரி. லினோ.
இடது கட்டைவிரலில் கத்தி இறங்கிய வாரம்.
செங்கா மடிக்கிறாள், கீழே அவள் பெயர், ஐந்து எழுத்து.
அச்சில் புரளும், எழுத்தைத் திருப்பிச் செதுக்கு என்று
பட்டறைச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது.
இரவு இரண்டு மணிக்கு, என் அறையில் ஏது அந்தச் சுவர்?
நேராகவே செதுக்கிவிட்டேன்.

காலையில் தாளை உரித்தபோது
ஏ முதலில் வந்தது.
அதற்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான்.
மற்ற நாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாலும்
வரிசை தப்பவில்லை.
ஆக்னஸ்.

மை காயாமலே கொண்டுபோனேன்.
நெடுநேரம் பார்த்தாள்.
படத்தில் அவள் இடக்கைக்காரியாகியிருந்தாள்.
"உங்கள் அம்மா இடக்கையா?"
"இல்லை. வலக்கைதான்."
யாருடைய மெத்தை விரிப்பையோ எடுத்துவிட்டு வந்தாள்.
"இன்னொன்று போட முடியுமா.
ஆர்புரோத்தில் தங்கை இருக்கிறாள், ரோனா.
பேச்சு வார்த்தை இல்லை.
உறையில் போட்டு அனுப்பினால் பேச வேண்டியதில்லை."

ஐந்து பவுன் நோட்டை நீட்டினாள்.
சுயதொழில் கூடாது என்கிறது விசா;
படம் விற்றால் தொழில்.
சொன்னேன்.
என் நாட்டைப் பார்த்தாளா, தன் நாட்டைப் பார்த்தாளா,
எதையோ பார்த்து ஒரு வசவு உதிர்த்தாள்,
நோட்டை ஏப்ரனில் செருகிக்கொண்டாள்,
மூன்று நாணயம் எடுத்து
மூன்றாம் உலர்த்தியில் ஒவ்வொன்றாய்ப் போட்டாள்.

இது வருமானமா என்று யாரைக் கேட்பது?
என் ஒற்றைப் போர்வை
பன்னிரண்டு நிமிஷம் கூடுதலாகச் சுற்றியது.
வரைந்தேன், அவள் மூக்கிலிருந்து தொடங்கி.